வாய் மூடிய நாரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, நான் இதை ஒழுங்காகச் சொல்லமாட்டேன். எனக்கு முன்னது பின்னே வரும், பின்னது முன்னே வரும். "நேத்து ஒரு மாதிரி சொன்ன, இன்னைக்கு ஒரு மாதிரி சொல்லுத, நாளைக்கு அதிகாரி கேட்டா எதைச் சொல்லுவ" என்று வீட்டில் அவர் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நான் பொய் சொல்கிறவள் இல்லை. பதற்றத்தில் வரிசை மாறிவிடும், அவ்வளவுதான். ஏழாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வரிசையாகப் பேசுவதை எட்டாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுப்பார்களோ என்னவோ.

நீ பத்திரிகையில் வேலை பார்க்கவில்லையே? கலெக்டர் ஆபீசிலும் இல்லையே? பல் ஆஸ்பத்திரியா. அப்படியானால் பரவாயில்லை. பல் ஆஸ்பத்திரிக்காரர்களால் எனக்கு ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதே. தென்காசி ரோட்டில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்.

நீ கேட்டதற்கே வருகிறேன். எதைப் பார்த்து இந்தப் பஸ் சீட்டிலிருந்து எழுந்தேன் என்று கேட்டாய். கயத்தாறு தாண்டி ஒரு குளம் வந்ததே, அதில் ஒரு பாம்புத்தாரா. இறக்கையை விரித்துத் துணி காயப்போட்ட மாதிரி நின்றது. கழுத்து பாம்பு மாதிரியே இருக்கும், அதனால் அந்தப் பெயர். வெயில் அதற்குப் பின்பக்கமாக இருந்தது. எடுத்திருந்தால் படம் கறுப்பாகத்தான் வந்திருக்கும். இருந்தாலும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விடுகிறது, கேமரா தொங்குகிற இடத்துக்கு. கேமரா இப்போது வீட்டில், பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான்.

என் மகன் வேல்துரை மஸ்கட்டில் இருக்கிறான். போன தடவை லீவில் வந்தவன் புதுக் கேமரா வாங்கிக்கொண்டு பழையதை வீட்டில் போட்டுவிட்டுப் போனான். கூடவே ஒரு நீளமான லென்ஸ், முற்றின சுரைக்காய் கனம். எனக்குச் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். எங்கள் ஊரில் நடப்பதற்கு இருக்கிற ஒரே இடம் குளத்தங்கரை. வெறுங்கையோடு நடந்தால் எனக்குத் தலைக்குள் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கும். கேஸ் அடுப்பை மூடினேனா, திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் ஏன் போன் பண்ணவில்லை, அவருக்கு நெஞ்சில் குத்தியது வாயுவா வேறு எதுவுமா. ஒருநாள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு ஒரு மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு நேரமும் எனக்குக் கேஸ் நினைப்பு வரவே இல்லை.

படத்தில் அதன் வால் மட்டும்தான் விழுந்திருந்தது. அது வேறு விஷயம்.

பிறகு பழகிக்கொண்டேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பளிச்சென்று சேலை கட்டக் கூடாது. அவருடைய பழைய காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு போவேன். தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள், "சிபிஐ ஆபீசர் போறா, வழிவிடுங்கட்டி" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு இடத்தில் உட்கார்ந்தால் அசையக் கூடாது. என்னைப் போய் அசையாமல் உட்காரச் சொன்னால் நடக்குமா? ஆனால் நடந்தது. வீட்டில் அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓயாமல் நடப்பவள், அங்கே கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மார்கழி மழைக்குக் குளம் நிறைந்தது. நடுக்குளத்தில் நாட்டுக்கருவை மரங்கள் உண்டு. தை பிறந்ததும் அவற்றில் பறவைகள் கூடு கட்டின. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கொக்கு, எல்லாம் கிளைக்குக் கிளை, காம்பவுண்டு வீடு மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு. சத்தமானால் சத்தம். நாற்றமானால் நாற்றம். நான் தினமும் எடுத்தேன். முட்டையில் உட்கார்ந்தது, குஞ்சு பொரித்தது, மத்தியான வெயிலில் தாய் இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடித்தது, எல்லாம் எடுத்தேன். ஆனால் அதையெல்லாம் யாருக்கு அனுப்புவது? மரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக எச்சம். குறுக்கே சுள்ளி. குஞ்சுகளோ மயிர் பிடுங்கின கோழி மாதிரி. ஒரு படமும் சுத்தமாக இல்லை. சும்மா கேமரா கார்டில் கிடந்தன.

எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் தங்கச்சி. அரிசியில் ஒரு கல் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. வேல்துரையின் பழைய லேப்டாப்பில் படத்தைத் திருத்துகிற சாமான் ஒன்று இருந்தது. யூடியூபில் ஒரு மலையாளத்துக்காரர் சொல்லித்தருவார். பாதி புரியும், மீதியை அவர் விரலைப் பார்த்துக் கற்றுக்கொள்வேன். அதில் ஒட்டுத்துணி மாதிரி ஒரு சமாசாரம் உண்டு. அழுக்கு மேல் வைத்து ஒரு தேய் தேய்த்தால் அழுக்கு இருந்த இடம் தெரியாது. தண்ணீரில் மிதக்கிற பாலிதீன் பை, கரண்டுக் கம்பி, கரையில் யாரோ விட்டுப்போன செருப்பு, எல்லாவற்றையும் துடைத்துவிடுவேன். எங்கள் குளத்துத் தண்ணீர் டீ நிறம். அதை நீலமாக்குவேன். முடித்துவிட்டுப் பார்த்தால் குளம் கழுவித் துடைத்த வீடு மாதிரி இருக்கும். அப்போதுதான் மூச்சு சீராக வரும்.

வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. பறவைப் படம் எடுக்கிறவர்கள் குழு. வேல்துரைதான் என்னைச் சேர்த்துவிட்டான். அதன் தலைவர் தேவசகாயம் சார், பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பறவைகளைப் பற்றிக் கெட்டி அட்டைப் புத்தகங்கள் வைத்திருக்கிறவர். ஒரு பறவைப் படம் வந்தால் சார்தான் பெயர் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான். அவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு பெரிய பெரிய சரணாலயத்துக்குப் போவார்கள். எங்கள் ஊர்க் குளத்துக்கு ஒருத்தரும் வந்ததில்லை. நான் போடுகிற படத்துக்கு ஒரு கட்டைவிரல் விழும், அவ்வளவுதான். குழுவில் பொற்கொடி டீச்சர் என்று ஒருத்தி. ஒருநாள் என் படத்துக்குக் கீழே, "அக்கா, தண்ணி ஏன் இப்படி நீலமா இருக்கு, சொட்டுநீலம் கலந்தீங்களா" என்று எழுதினாள். அதற்கு எத்தனை பேர் சிரிப்பு பொம்மை போட்டார்கள் தெரியுமா? சாரும் போட்டார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை.

எங்கே விட்டேன்? மரம். பங்குனியில் அந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். குளத்தில் சீமைக்கருவேலம் அகற்றுகிறோம் என்று போர்டு வைத்துவிட்டு நாட்டுக்கருவையையும் சேர்த்து வெட்டினார்கள். குஞ்சுகள் அதற்குள் பறந்துவிட்டன. பெரும்பாலும் பறந்துவிட்டன. பிறகு மேற்குக் கரையில் லாரி லாரியாக இடித்த கட்டடத்து மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வணிக வளாகம் வரப்போகிறது, குளம் எப்படியும் வருஷத்தில் பாதி நாள் காய்ந்துதான் கிடக்கிறது, பறவையும் கிறவையும் இங்கே என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஒரே புழுதி. நான் நடக்கப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் உட்கார்ந்தால் மறுபடியும் கேஸ், மறுபடியும் மகள், மறுபடியும் வாயு. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சித்திரை வெயிலில் வேறு போக்கிடம் இல்லாமல், தையில் எடுத்த படங்களைத் தோண்டி எடுத்துச் சுத்தம் பண்ண உட்கார்ந்தேன்.

அதில் ஒன்று, தனியாகத் தண்ணீரில் நின்ற ஒரு நத்தைகுத்தி நாரை. நீ அதைப் பார்த்திருக்க மாட்டாய். வெள்ளையும் கறுப்புமாக நல்ல உயரம், நல்ல நிற்பு. ஆனால் வாய் மூடாது. மேல் அலகும் கீழ் அலகும் நுனியில் சேரும், நடுவில் சேராது. ஒரு சந்து இருக்கும், அந்தப் பக்கத்து வானம் தெரியும். நத்தையைப் பிடிக்க அப்படிப் படைத்திருக்கிறது. படைத்தவனுக்குச் சரி, படத்துக்கு நன்றாக இல்லை. ஏதோ அடிபட்ட மாதிரி இருந்தது. நீங்கள் பல்லுக்கு நடுவில் அடைப்பீர்களே, அதைப் போல நானும் அந்தச் சந்தை அடைத்தேன். பக்கத்திலிருந்து கொஞ்சம் நிறம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. அடைத்ததும் அலகு முழுசானது, ஆனால் ரத்தசோகை வந்த மாதிரி வெளிறி இருந்தது. நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். அலகை ஏற்றினால் கால் வெளிறித் தெரிந்தது. காலையும் ஏற்றினேன். கடைசியில் பார்த்தால் அலகும் காலும் குங்குமம் மாதிரி, உடம்பு மல்லிகை மாதிரி. அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

காலை வணக்கம் என்று எழுதிப் போட்டேன். அதுதான் நான் எழுதியது. வேறு ஒரு எழுத்து நான் எழுதவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் எடுத்துக் காட்டுவேன்.

தேவசகாயம் சார்தான் எழுதினார். "அம்மா, இது செங்கால் நாரை! உங்கள் குளத்திலா எடுத்தீர்கள்?" ஆமாம், எங்கள் குளத்தில்தான், தை மாதம் என்று போட்டேன். அதில் என்ன பொய்? எங்கள் குளத்தில்தான் எடுத்தேன், தை மாதம்தான் எடுத்தேன். செங்கால் நாரை கடல் தாண்டி வருகிற பறவையாம், நம் பக்கம் கண்ணில் படுவது அபூர்வமாம். அடுத்த நிமிஷம் கைதட்டுகிறார்கள், மாலை போடுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள், எல்லாம் போனுக்குள்தான். பொற்கொடி டீச்சர் போன் பண்ணி, "அக்கா, நீங்க இவ்வளவு நாளா எங்க ஒளிஞ்சிருந்தீங்க" என்று கேட்டாள். புத்தகம் படித்தவர் செங்கால் நாரை என்கிறார். ஏழாம் வகுப்பு நான், இல்லை சார் அது நத்தைகுத்தி, நான்தான் அதன் வாயை மூடினேன் என்று எப்படிச் சொல்ல? பெரியவர் முகத்தில் கரி பூசின மாதிரி ஆகாதா? கும்பிடு பொம்மை ஒன்று போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பெரிய பெரிய லென்ஸ், தொப்பி, முக்காலி. நானும் கரையில் நின்று, அந்த இடத்தில்தான் நின்றது சார் என்று கை நீட்டிக் காட்டினேன். உண்மைதானே, அங்கேதான் நின்றது. குளத்தில் தண்ணீர் வற்றிப் பாளம் விட்டிருந்தது. மாடு மேய்ந்தது. சார், "விருந்தாளிதானே, வந்துட்டுப் போயிருக்கும்" என்றார். அப்போதுதான் மேற்குக் கரை லாரிகளைப் பார்த்தார்கள். மனுஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. செங்கால் நாரை வந்த குளத்தில் மண்ணைக் கொட்டுவதா என்று அங்கேயே நின்று யாருக்கெல்லாமோ போன் போட்டார்.

அதற்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை தங்கச்சி. அதுதான் என் வயிற்றெரிச்சல். மனு எழுதினார்கள். முதல் பக்கத்தில் என் படம். பஸ் ஸ்டாண்டில் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அந்த நாரை, கீழே 'படம்: பறவை ஆர்வலர் திருமதி பிரம்மசக்தி இசக்கியப்பன்'. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயரை அச்சில் பார்த்தது அப்போதுதான். சந்தோஷமில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவ்வளவு பெரிதாக்கின பிறகு அலகைப் பார்க்க முடியவில்லை. நான் அடைத்த இடம் எனக்குத் தெரிந்தது. அந்த வழியாகப் போகாமல், மார்க்கெட்டுக்குச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

பிறகு தவசி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். மண் அடிக்கிற லாரிக்காரர்களுக்கு எல்லாம் அவர்தான் முன்னால் நிற்கிறவர். எங்கள் வீட்டுக்காரருக்குச் சொந்தமும் கூட. சத்தம் போடவில்லை. உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டார், பேரன் பேத்தி சௌக்கியமா என்று விசாரித்தார். அதுதான் பயம். சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம்.

"மதினி, சின்னப் பிள்ளையில இருந்து அந்தக் குளத்துலதான் குளிக்கேன். அந்தப் பறவையை எனக்கும் ஒரு தரம் காட்டக் கூடாதா" என்றார்.

வந்துவிட்டுப் போய்விட்டது என்றேன்.

"அப்படியா. கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் பண்ணலாமாமே. கழுதையைக் குதிரை ஆக்கலாமாம். நம்ம வக்கீல் சொல்லுதாரு, ஒரிஜினலைக் கேட்டு வாங்குவோம், பொய்யின்னு தெரிஞ்சா கேஸ் போடுவோம்னு. நாந்தான் சொன்னேன், நம்ம இசக்கியப்பன் பெஞ்சாதி அப்படியெல்லாம் பண்ணுறவ இல்லைன்னு."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நெசத்தைச் சொல்லு. அது என்ன பறவை?"

பறவைதான் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். படத்துக்குள்ளேயே தேதி, நேரம் எல்லாம் பதிந்திருக்கும், வேல்துரை சொல்லியிருக்கிறான், கார்டைக் கொடுத்தால் எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும் என்றார். அன்றையிலிருந்து வாசலில் ஒரு பைக் நின்றால் கதவைத் தாழ் போடுவேன். போஸ்ட்மேன் மணி அடித்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். கார்டைக் கேமராவிலிருந்து எடுத்து அரிசி டப்பாவில் வைத்தேன். எலி இழுத்துவிடும் என்று மிளகாய்த்தூள் டப்பாவுக்கு மாற்றினேன். பிறகு அங்கேயும் வேண்டாம் என்று இடுப்பிலேயே செருகிக்கொண்டேன்.

இப்போது அந்த வனத்துறை மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டுமோ? பரவாயில்லை. மனு மேலே போனதும் விசாரிக்க அனுப்பியது அவரைத்தான். செண்பகவல்லி என்று பெயர். சின்ன வயது, வேல்துரையைவிட ஒரு வயது கூட இருந்தால் அதிகம். காக்கி உடுப்போடு ஜீப்பில் வருவார் என்று நினைத்தேன். ஸ்கூட்டியில் வந்து, என் பக்கத்தில் குளத்தங்கரைக் கல்லில் உட்கார்ந்தார். நான் எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் படத்தைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. நத்தைகுத்தி வாயை நானும் பாத்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். சிரிக்கிறவரை என்ன செய்ய?

பிறகு அவர் மெதுவாக வேறு பேச்சு எடுத்தார். செங்கால் நாரை ஒன்று வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்றார். இந்தக் குளத்தில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரித்ததா, அதுதான் தனக்கு வேண்டும் என்றார். சாதாரணக் கொக்கு, நீர்க்காகம், நத்தைகுத்தி, எதுவானாலும் போதுமாம். மரத்தில் நிறையக் கூடு இருந்தது என்று மாடு மேய்க்கிறவர்கள் சொல்கிறார்களாம், ஆனால் வாய்ச்சொல் எடுபடாதாம். மரத்தையும் வெட்டியாகிவிட்டது. "வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்த படம் தேதியோட இருந்தா, நான் அதை வச்சே அறிக்கை எழுதிருவேன்மா. மண்ணு கொட்டுறதை நிறுத்திரலாம். அடுத்த வருஷம் அதுங்க திரும்பி வரும்போது இடம் இருக்கும். நீங்க மட்டும்தான் இங்க தினம் வந்திருக்கீங்க. உங்க கார்டுல அப்படி எதாவது இருக்கா?"

பார்த்தாயா தங்கச்சி? எப்படிக் கேட்கிறார் பார்த்தாயா? தேதி வேண்டும், கார்டு வேண்டும். எங்கே சுற்றி எங்கே வருகிறார். அவர் கேட்டதையேதான் தவசி அண்ணாச்சியின் வக்கீலும் கேட்கிறார். ஆள் வேறு, உடுப்பு வேறு, கேட்கிற பொருள் ஒன்று. நான் படிக்காதவள்தான், ஆனால் முட்டாள் இல்லை. கூடு படம் இருக்கிறது என்று சொன்னால் கார்டைக் கொடு என்பார். கார்டைக் கொடுத்தால் அதே கார்டில் வாய் பிளந்த நாரையும் இருக்கும். முடிந்தது கதை. பார்த்துச் சொல்கிறேன் மேடம் என்று எழுந்துவிட்டேன்.

அவர் விடவில்லை. தினம் ஒரு போன். அதட்டலாக இல்லை, "சாப்பிட்டீங்களாம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிகள் குளத்தைப் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கிடைத்தால் நல்லது, அதற்குப் பிறகு அனுமதி கொடுத்துவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தேவசகாயம் சாரும் போன் பண்ணி, "பிரம்மசக்தி அம்மா, வெள்ளிக்கிழமை நீங்கதான் நம்ம கதாநாயகி, கார்டோட வந்திருங்க" என்றார். கதாநாயகியாம்.

நான் யாரிடம் போய்ச் சொல்ல? சாரிடம் சொன்னால் இவ்வளவு பேருக்கு முன்னால் அவருக்கு அவமானம். மேடத்திடம் சொன்னால் எழுதி வைத்துக்கொள்வார். மகனிடம் சொன்னேன். அவன், "யம்மா, அந்த மேடத்துக்குத்தான் தெரிஞ்சுபோச்சே, கூடு படத்தைக் குடுத்துட்டு நிம்மதியா இரு" என்றான். மஸ்கட்டில் ஏசியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அப்படித்தான் தோன்றும். வாசலில் பைக் வந்து நிற்பது இங்கே தானே?

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் இவர் கடைக்குப் போன பிறகு லேப்டாப்பைத் திறந்து கார்டைச் செருகினேன். அந்த ஒரு படத்தை மட்டும் அழித்துவிட்டு மீதியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சத்தியமாக. கண்டுபிடித்தேன். வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பிறகு பார்த்தால், படத்துக்குப் படம் கீழே எண் இருக்கிறது. கேமராவே போடுகிறது, ஒன்று விடாமல் வரிசையாக. ஒன்றை அழித்தால் ஒரு எண் குறையும். இந்த எண் எங்கே அம்மா என்று கேட்க மாட்டார்களா? கேட்பதற்குத்தானே அந்தப் பெண்ணைப் படிக்கவைத்து வேலை கொடுத்திருக்கிறார்கள். சரி, முன்னே பத்து, பின்னே பத்து அழித்தால்? அதுவும் குறையும். எங்கே தொட்டாலும் குறைந்தது.

ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் குறையாது, இல்லையா?

முழுசாக அழிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்த மலையாளத்துக்காரர் எப்போதோ காட்டியிருக்கிறார். அழுத்துவதற்கு முன்னால் படங்களை ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மரம், மரம், மரம். ஒரு குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது, அதை எடுத்த அன்றைக்குக் கரையில் எறும்பு கடித்து என் கால் வீங்கிப்போனது. நான் அசையவில்லை. அந்தப் படத்தில் நான் ஒன்றையும் துடைக்கவில்லை. எச்சம், சுள்ளி, எல்லாம் அப்படியே இருந்தது. நிச்சயமாகவா என்று லேப்டாப் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அதிலும் திருப்தியில்லாமல் லேப்டாப்பில் வைத்திருந்த நகலையும் தேடித் தேடி அழித்தேன். கார்டை அம்மியில் வைத்து, குழவியால் நசுக்கி, வெந்நீர் அடுப்புச் சாம்பலோடு கூட்டி அள்ளிப் போட்டேன். குளித்தேன். சாமி கும்பிட்டேன். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று இவருக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

நீ ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உனக்கு என்ன தெரியும், அவர்களிடம் மாட்டிக்கொண்டால்தான் தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது மேடம் போன் பண்ணினார். எடுக்காமல் இருந்திருக்கலாம். எடுத்தேன். கார்டு கெட்டுப்போய்விட்டது மேடம், படம் எல்லாம் போய்விட்டது என்றேன்.

"எல்லாமேவாம்மா?"

எல்லாம்தான் என்றேன்.

"கூடு படம் எதாவது இருந்துச்சாம்மா அதுல?"

நிறைய இருந்தது மேடம், மரம் முழுக்க, முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும், தினமும் எடுத்தேன், அதுவும் போய்விட்டது என்றேன். ஒன்றும் இல்லாத பிறகு உண்மையைச் சொல்வதில் என்ன பயம்?

மேடம் குளத்தங்கரையில் நின்றிருப்பார் போல, லாரி பின்பக்கமாக வரும்போது போடுகிற சத்தம் கேட்டது, பிறகு மண் சரிகிற சத்தம். கோபமாக ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நான்தான் போனை வைத்தேன். வைத்ததும் சிம்மைக் கழற்றிப் பஸ் ஸ்டாண்டு சாக்கடையில் போட்டுவிட்டேன். இனி யார் வந்து என்ன கேட்டாலும், என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றும் கிடையாது.